வீட்டிலிருந்து டிசைன் படிப்பு: புராஜெக்ட்டையும் போர்ட்ஃபோலியோவையும் எந்த வழியில் முடிப்பது?

இணையவழியில் கிராஃபிக் டிசைன் படிப்பவர்கள் முதலில் கேட்பது மென்பொருளைப் பற்றி. அடுத்து லேப்டாப்பைப் பற்றி. அப்புறம், போர்ட்ஃபோலியோவில், அதாவது நம் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஆல்பத்தில், எத்தனை படைப்புகள் இருந்தால் வேலை கிடைக்கும் என்று. "நான் பாதி செய்து வைத்திருப்பதை யார் பார்ப்பார்கள்?" என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. தொலைவிலிருந்து படிப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகள் பலவற்றுக்கும் அந்தக் கேள்விதான் உரைகல் என்பது என் எண்ணம்.

வகுப்பறையில் இது தானாக நடந்துவிடும். ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் நடந்து போவார், நின்று பார்ப்பார். "இந்தத் தலைப்பு ஏன் நடுவில் நிற்கிறது?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். அன்று மாலை முழுவதும் தப்பான பாதையில் போயிருக்க வேண்டியவர் அந்த நிமிடமே திரும்பிவிடுவார். பக்கத்து மேஜைக்காரரின் திரையை ஓரக்கண்ணால் பார்ப்பதிலும் பாதிப் படிப்பு இருக்கிறது. வீட்டில் இந்த இரண்டும் கிடையாது. பாடம் கிடைக்கிறது, மென்பொருள் கிடைக்கிறது. ஆனால் வேலை முடிந்த பிறகுதான் அடுத்தவர் கண்ணில் படுகிறது. முடிந்த வேலையில் யாரும் பெரிய குறை சொல்வதில்லை. சொன்னாலும் நமக்குத் திருத்த மனம் வராது.

தொலைவுதான் குறை என்றும் சொல்லிவிட முடியாது. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஓவியமும் வணிகச் சித்திரமும் தபாலில் கற்பிக்கப்பட்டன. அமெரிக்காவில் 1948-இல் ஆல்பர்ட் டோர்ன், நார்மன் ராக்வெல் உள்ளிட்ட ஓவியர்கள் தொடங்கிய ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூல் முழுக்க முழுக்க அஞ்சல்வழிப் பள்ளி. மாணவர் அனுப்பிய படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, ஆசிரியர் அதன்மேல் திருத்தி வரைந்து, நீண்ட கடிதத்தோடு திருப்பி அனுப்புவார். கார்ட்டூனிஸ்ட் சார்லஸ் ஷுல்ஸும் இன்னொரு அஞ்சல்வழிப் பள்ளியில் கற்றவர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயே சேர்ந்து மாணவர்களின் பாடங்களைத் திருத்தும் வேலையும் பார்த்தார். தபாலுக்குக் காத்திருந்தாலும் அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது, தன் வேலையின் மேலேயே இன்னொருவர் போட்ட கோடு. இன்று நொடியில் கோப்பு போய்ச் சேர்கிறது. அந்தக் கோடுதான் அபூர்வமாகிவிட்டது.

நேரலையா, பதிவா, வழிகாட்டியா?

நேரலை வகுப்பின் பெரிய பலம் கெடு. வியாழன் இரவு எல்லோர் முன்னாலும் காட்டியாக வேண்டும் என்றால் புதன் இரவு கை தானாக வேலை செய்யும். அடுத்தவர் வேலைக்குச் சொல்லப்படும் கருத்தைக் கேட்பதும் நமக்கு லாபம்தான், ஏனென்றால் அதில் நம் மனம் புண்படுவதில்லை. பலவீனம் கணக்கில் இருக்கிறது. 2 மணி நேர வகுப்பில் 20 பேர் என்றால் ஆளுக்கு 6 நிமிடம். அதில் ஒரு நிமிடம் "என் ஸ்கிரீன் தெரியுதா?" என்பதிலேயே போய்விடும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. திரையைப் பகிரும்போது எதிரே இருப்பவர் பார்ப்பது நம் டிசைனை அல்ல, அதன் சுருக்கப்பட்ட வீடியோவை. வீடியோவை வழக்கமாக 4:2:0 என்ற முறையில் சுருக்குவார்கள். ஒளியின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் போகும். நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகப் போகும். அதனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பில் போட்ட மெல்லிய எழுத்து அந்தப் பக்கத்தில் கசங்கித் தெரியும். ஆசிரியர் "படிக்க முடியவில்லையே" என்பார், நாமோ நன்றாக இருந்த எழுத்தைப் பருமனாக்கிக் கெடுப்போம். நிறம், எழுத்து இரண்டையும் பற்றிப் பேச வேண்டுமென்றால் கோப்பை முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும். இரு வகுப்புகளுக்கு இடைப்பட்ட நாள்களில் ஆசிரியர் கோப்புகளைத் திறந்து பார்ப்பாரா என்று சேரும் முன்பே கேளுங்கள். பார்க்க மாட்டார் என்றால், நேரலைக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் கெடுவுக்குத்தான் போகிறது.

கருவியைக் கற்பதில் பதிவு செய்த பாடங்களுக்கு நிகர் வேறு எதுவும் இல்லை. பென் டூலை (கோடு வரையும் கருவியை) ஒருவர் நேரில் சொல்லிக் கொடுத்தால் மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருக்கும்; வீடியோவை முப்பது முறை நிறுத்தலாம். ஆபத்து வேறிடத்தில். பாடத்தில் காபி கடை லோகோ போட்டால், பார்த்துச் செய்கிற எல்லோரிடமும் அதே காபி கடை லோகோ இருக்கும். விண்ணப்பங்களைப் புரட்டுபவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். பதிவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கைப்பழக்கத்தை மட்டும்தான், விளைவை அல்ல.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: சக மாணவர்களே மதிப்பிடும் படிப்புகள். கோர்சேரா என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் அமெரிக்காவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரி நடத்தும் கிராஃபிக் டிசைன் வரிசை இதற்கு நல்ல உதாரணம். அடிப்படை, டைப்போகிராஃபி (எழுத்து அமைப்பு), படம் உருவாக்குதல், டிசைன் வரலாறு என்று நான்கு படிப்புகள். ஐந்தாவதில் ஒரு பிராண்டை உருவாக்க வேண்டும். நாம் சமர்ப்பிப்பதை மற்ற மாணவர்கள் பார்ப்பார்கள், அவர்களுடையதை நாம் பார்ப்போம். வருகிற கருத்துகள் பல நேரம் "நன்று, வாழ்த்துகள்" என்பதோடு நின்றுவிடும். ஆனால் ஒரே பணியை முன்பின் தெரியாத ஐந்து பேர் ஐந்து விதமாகச் செய்திருப்பதை உட்கார்ந்து பார்ப்பது, வகுப்பறையின் ஓரக்கண் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஈடு.

தனி வழிகாட்டி என்றால் செலவு அதிகம், நேரம் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த நேரம் முழுக்க நம் வேலையின் மேல் போகிறது. என் தீர்ப்பு இது: தானாக உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கம் உள்ளவருக்கு, பதிவுப் பாடங்களும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேர வழிகாட்டியும் போதும்; நேரலை வகுப்பைவிட இது மேல். கெடு இல்லாவிட்டால் தள்ளிப்போடும் ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நேரலையில் சேருங்கள். இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம். போன வருடம் வாங்கிய பதிவுப் பாடத்தில் எத்தனை சதவீதம் முடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், பதில் அதில் இருக்கும்.

வழிகாட்டிக்குப் பணம் இல்லாதவர் கூடப் படிக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை பார்க்கலாம். ஒரே நிபந்தனை: "எப்படி இருக்கு?" என்று கேட்கக் கூடாது. அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், "சூப்பர்". மூன்று நொடி காட்டிவிட்டு மூடுங்கள். "முதலில் எது கண்ணில் பட்டது? இது எதற்கான போஸ்டர்?" என்று கேளுங்கள். நிகழ்ச்சியின் தேதியைச் சொல்லாமல் பின்னணியில் இருந்த பறவையைச் சொன்னால், எங்கே கோளாறு என்று புரிந்துவிடும்.

வகுப்புப் பணியா, கற்பனைப் பணியா, நிஜ வாடிக்கையாளரா?

போர்ட்ஃபோலியோவில் எவற்றை வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வகுப்பில் கொடுத்த பிரீஃப்பை (என்ன செய்ய வேண்டும் என்ற பணிக்குறிப்பை) அப்படியே வைத்தால் கூடப் படித்த அத்தனை பேரிடமும் அதே பிரீஃப் இருக்கும். அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். வகுப்பு முடிந்த பிறகு அதையே எடுத்து ஒரு நிபந்தனையை மாற்றிப் பாருங்கள். நான்கு வண்ணப் போஸ்டரை ஒரே வண்ணத்தில் செய்யுங்கள். அல்லது அதே செய்தியைப் பேருந்தில் போகிறவர் ஒரு நொடியில் படிக்கும்படி செய்யுங்கள். முதல் வடிவத்தையும் மாற்றிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எப்படி யோசிக்கிறீர்கள் என்பது தனியாக விளக்காமலே தெரியும்.

கற்பனைப் பணி என்றதும் எல்லோரும் போய் நிற்கும் இடம், உலகம் அறிந்த ஒரு நிறுவனத்தின் லோகோவை மாற்றிப் போடுவது. எனக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. அந்த நிறுவனத்தின் சிக்கல் என்ன, ஏன் மாற்ற வேண்டும், பழைய பலகைகளை என்ன செய்வது என்று எதுவும் தெரியாமல் செய்யும் வேலை அது. மறுப்பு சொல்லவும் ஆளில்லை. கற்பனைப் பணிதான் செய்வது என்றால் சின்னதாக, நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுங்கள். வீட்டில் உள்ள மருந்து அட்டையை எழுபது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி மாற்றி அமைப்பது நல்ல புராஜெக்ட். அதைச் சோதிக்க ஆளும் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார்.

நிஜ வாடிக்கையாளர் என்றால் விஷயமே வேறு. அவர் தரும் வாசகம் இடத்தைவிட இரண்டு மடங்கு நீளமாக இருக்கும். புகைப்படம் வாட்ஸ்அப்பில் வந்து மங்கியிருக்கும். அவருக்குப் பிடித்த நிறம் நமக்குப் பிடிக்காது. இத்தனைக்கும் நடுவில் உருப்படியான ஒன்றைச் செய்து முடித்தால், பத்து மாக்-அப் (நிஜப் பொருளில் இருப்பதுபோல் ஒட்டிக் காட்டும்) படங்களுக்கு இல்லாத எடை அதற்கு உண்டு. பாதி வேலையைப் பார்க்கும் ஆளும் கிடைக்கிறார், அதுவும் நம்மிடம் தயவு தாட்சண்யம் பார்க்காத ஆள்.

ஆனால் முன்னெச்சரிக்கை வேண்டும். தொடக்கத்தில் நான் ஒருவருக்கு இலவசமாக ஒரு கையேடு செய்து கொடுத்தேன். பதினோரு முறை திருத்தம். கடைசியில், "இதை வெளியே எங்கும் காட்ட வேண்டாம்" என்றார். பணமும் இல்லை, போர்ட்ஃபோலியோவுக்கும் ஆகவில்லை. அதிலிருந்து இலவச வேலையாக இருந்தாலும் இரண்டு வரியாவது எழுதி வாங்கிக்கொள்கிறேன்: திருத்தம் இரண்டு சுற்று மட்டும், முடிந்த வேலையை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம். மின்னஞ்சலில் "சரி" என்று ஒரு பதில் வந்தாலே போதும்.

எண்ணிக்கை என்று பார்த்தால் ஆறிலிருந்து எட்டு வேலைகள் போதும் என்பேன். நிஜ வேலை ஒன்றோ இரண்டோ, மாற்றிச் செய்த வகுப்புப் பணி இரண்டு, மீதி நாமே தேடிக்கொண்டவை. பலவீனமான ஒன்பதாவது, முன்னால் உள்ள எட்டையும் கீழே இழுத்துவிடும். எதை நீக்குவது என்று நம்மால் முடிவு செய்ய முடியாது. கஷ்டப்பட்டுச் செய்ததைத்தான் நமக்குப் பிடிக்கும். அதையும் வேறொருவரிடம் விடுங்கள்.

திரையும் தாளும்

இணையவழிப் படிப்பு அதிகம் கைவிடுவது அச்சைத்தான். எல்லாமே திரையில் தொடங்கித் திரையில் முடிவதால், ஒரு வருடம் படித்தும் தன் வேலையைக் கையில் தொட்டுப் பார்க்காதவர்கள் உண்டு. தாள் பொய் சொல்லாது. திரையில் பளிச்சென்று தெரியும் நீலத்தை ஆர்ஜிபியிலிருந்து (திரையின் சிவப்பு-பச்சை-நீல ஒளி) சிஎம்ஒய்கேக்கு (அச்சின் நான்கு மை) மாற்றி அச்சடித்தால் ஊதா பக்கம் சாய்ந்து நிற்கும். அந்த நீலம் நான்கு மைகளால் எட்டக்கூடிய எல்லைக்குள்ளேயே இல்லை. சின்ன எழுத்தை நான்கு மையும் கலந்த கறுப்பில் போட்டால், தாள் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிறக் கசிவு தெரியும். கறுப்பு மை மட்டும் இருக்க வேண்டும். ஏ4 பக்கத்தைச் சுற்றி 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் கூடுதல் ஓரம்) விட்டால் கோப்பின் அளவு 210 × 297-க்குப் பதில் 216 × 303 ஆகும். இதை விட மறந்தால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். ஏ4 முழுப் பக்கப் படத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 × 3508 பிக்சல் வேண்டும். இணையத்தில் எடுத்த படம் ஏன் அச்சில் கஞ்சியாகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

இவை எல்லாவற்றையும் பாடத்தில் சொல்லித் தருவார்கள். குறித்தும் வைத்துக்கொள்வோம். ஒருமுறை கெட்டுப்போன அச்சைக் கையில் பிடித்தவருக்குத்தான் அது மண்டையில் ஏறும்.

அதனால் முழுக்கத் திரை, முழுக்க அச்சு என்ற இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேலை தேடப் போவது செயலி, இணையதளப் பக்கமாக இருந்தாலும் இரண்டு வேலைகளையாவது அச்சில் கொண்டுவாருங்கள். வீட்டு பிரிண்டரே போதும். எட்டுப் பக்கக் கையேடு என்றால் சாதாரணத் தாளை மடித்து, பக்க எண்களைப் பென்சிலில் எழுதி, முதலில் ஒரு டம்மி (மாதிரிப் பிரதி) செய்யுங்கள். முதல் பக்கமும் எட்டாம் பக்கமும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் வருவதை அப்போதுதான் கண் நம்பும். பிறகு சன்னல் ஓரம் வைத்து ஒரு படம் எடுங்கள். தரவிறக்கிய மாக்-அப்பில் ஒட்டிய படத்தைவிட, மடிப்புத் தெரியும் அந்தப் புகைப்படம் பார்ப்பவரை நிறுத்தும்.

தமிழில் டிசைன் செய்பவருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் சரியான அமைப்பு இல்லாவிட்டால் "கொ" என்று அடித்தால் கொம்பு இடம் மாறி எழுத்து உடைந்து நிற்கும். டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி எஞ்சினையும், பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரையும் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல் வரியின் "மூ" கீழ் வரியின் "கீ"யோடு மோதும். பாடம் நடத்துபவர் தமிழ் அறியாதவர் என்றால் இதை யாரும் சுட்டிக்காட்டவும் மாட்டார்கள்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. ஃபோட்டோஷாப்பும் இன்டிசைனும் தயாரிக்கும் அடோபியின் மாணவர் சந்தா கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர்தான் அதிகம் வருகிறது. கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபர் முதல் அது இலவசம். இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் எப்போதும் இலவசம். அச்சுக்கான சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்க ஸ்கிரைபஸ் உதவும். இணையத்திலேயே டிசைன் செய்ய உதவும் ஃபிக்மா மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. ஒரே கோப்பில் மற்றவர் வந்து குறிப்பு எழுத முடிவதால், பாதி வேலையைக் காட்ட அதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒன்றை மறக்காதீர்கள்: படிப்பு முடிந்ததும் மாணவர் சந்தாவும் முடியும். மூலக் கோப்புகளைத் திறக்க வழியில்லாமல் போகும் முன் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகவும் எஸ்விஜியாகவும் (பெரிதாக்கினாலும் மங்காத கோப்பு வடிவம்) எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது?

பிஹான்ஸ் (டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் தளம்), சொந்த இணையதளம், பிடிஎஃப் என்று மூன்று வழிகள். பிஹான்ஸ் 2012 முதல் அடோபியின் கையில் இருக்கிறது. கணக்குத் தொடங்கினால் போதும், அன்றே வேலையை ஏற்றலாம். தேடுபவர் கண்ணில் படவும் வாய்ப்புண்டு. ஆனால் நம் வேலைக்குக் கீழேயே நம்மைவிடப் பத்து வருடம் மூத்தவரின் வேலை எட்டிப் பார்க்கும். பார்க்க வந்தவர் அந்தப் பக்கம் போய்விட்டால் திரும்புவது சந்தேகம். சொந்தத் தளத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அதைக் கட்டுவதே ஒரு தனி வேலையாகி, உள்ளே வைக்க வேண்டிய வேலை பின்னுக்குப் போய்விடும். மூன்று மாதம் தளத்தின் முகப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

நான் பிடிஎஃப்பில் தொடங்கச் சொல்வேன். எந்தப் பக்கம் முதலில், எது கடைசியில், எங்கே வெற்றிடம் என்று வரிசையை நாமே தீர்மானிக்கலாம். அதுவே ஒரு லேஅவுட் வேலை. கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அப்படியே இணைக்கலாம். ஜிமெயிலில் இணைப்புகளுக்கு 25 எம்பிதான் எல்லை. 10 எம்பிக்குள் சுருக்கினால் பெறுபவருக்கும் நல்லது. பிடிஎஃப் ஒழுங்காக வந்த பிறகு அதையே வெட்டி பிஹான்ஸில் போட ஒரு மாலை போதும்.

ஒவ்வொரு வேலைக்கும் நாலைந்து வரி எழுத வேண்டும்: என்ன கேட்டார்கள், எங்கே சிக்கியது, எதை மாற்றினீர்கள். தொலைவழிப் படிப்பில் இதற்கு ஒரு வசதி உண்டு. எல்லாமே எங்காவது பதிவாகியிருக்கும்: பழைய கோப்புகள், தேதி, ஆசிரியர் எழுதிய குறிப்பு, நண்பர் அனுப்பிய குரல் செய்தி. வகுப்பறையில் படித்தவருக்கு இவ்வளவு சான்று மிஞ்சாது. அதனால் பழைய வடிவங்களை அழிக்காதீர்கள். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்றும், ஏஐ உருவாக்கிய படம் இருந்தால் எது என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பேட்டியில் கேட்ட பிறகு சொல்வது வேறு மாதிரி ஒலிக்கும்.

எட்டு வாரம் கையில் இருந்து, வழிகாட்டியோடு பேச மூன்று மணி நேரத்துக்குத்தான் பணம் இருந்தால், நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் மணி இரண்டாவது வாரத்தில், வெறும் பென்சில் ஓவியங்களோடு. அடுத்தது நான்காவது வாரத்தில், முதல் அச்சுப் பிரதிகளைக் கேமரா முன் பிடித்துக்கொண்டு. கடைசி மணி ஆறாவது வாரத்தில், எதையெல்லாம் நீக்குவது என்று கேட்க. எட்டாவது வாரத்துக்கு எதையும் மிச்சம் வைக்க மாட்டேன். அந்த வாரத்தில் யாரிடம் காட்டினாலும் "நல்லா இருக்கு, அனுப்பிடுங்க" என்றுதான் சொல்வார்கள்.